நிற்பவரைப் பற்றியும் ஒரு வரி: நியூஜெர்சி சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

டிரென்டனில் அமர்ந்திருக்கும் 40 செனட்டர்களுக்கும் 80 அசெம்பிளி உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோருக்கு இது நேரடியாகப் புரியாது என்று தெரியும். ஆனால் எடிசனிலும் பிஸ்கட்டவேயிலும் ஜெர்சி சிட்டியிலும் உங்களுக்கு ஓட்டுப் போடுகிற தமிழர்கள் படிப்பார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் தொகுதி அலுவலகத்தின் படியேறி விஷயத்தைச் சொன்னால் எனக்குப் போதும். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் எனக்குத் தானாகவே பணிவு வந்துவிடுகிறது. இந்த விஷயத்துக்குப் பணிவு சரிப்படாது.

விஷயம், கேஸ் போடுவது. (ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே பெட்ரோலுக்குத்தான் கேஸ் என்று பெயர். வந்த புதிதில் "கேஸ் போட்டுவிட்டு வருகிறேன்" என்று யாரோ சொன்னபோது, இவர் ஏன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை என்று யோசித்தேன்.) நம் ஊர் பங்க்கில் ஆள் வந்து பெட்ரோல் போடுவது யாருக்கும் செய்தி ஆகாது. அமெரிக்காவில் அது செய்தி. 50 மாநிலங்களில், வண்டி ஓட்டி வந்தவர் தானே இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது என்று மாநிலம் முழுக்கச் சட்டம் வைத்திருப்பது இன்று நியூஜெர்சி ஒன்றுதான். 1951 முதல் நமக்குத் துணையாக இருந்த ஆரெகனும் 2023 ஆகஸ்டில் கழன்றுகொண்டது.

அந்தச் சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உங்களில் யாராவது மசோதா கொண்டுவருகிறீர்கள். உடனே மாநிலமே கொந்தளிக்கிறது. மசோதா ஓசையில்லாமல் அமுங்கிவிடுகிறது. நான் சட்டம் இருக்க வேண்டும் என்கிற கட்சி. ஆனால் அதை நீங்கள் காப்பாற்றுகிற விதத்தில் எனக்கு ஒரு பெரிய வருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் அந்த பம்ப்புக்குப் பக்கத்தில் நின்றவன். 2005 அக்டோபரில் இங்கே வந்தேன். மனைவி செவிலியர், அவளுடைய வேலையை வைத்துத்தான் எங்களுக்கு விசா கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த எனக்கு இங்கே யாரும் வகுப்பறையைத் திறந்துவிடவில்லை. மூன்றாவது வாரமே ஒரு பங்க்கில் நின்றேன். மணிக்கு 6.15 டாலர். மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி அந்த மாதம்தான் அந்த அளவுக்கு உயர்ந்திருந்தது. முழுதாக இரண்டு குளிர்காலம் அங்கே கழிந்தது.

குளிர் என்று ஒரு சொல்லில் சொன்னால் உங்களுக்கு விளங்காது. நீங்கள் அதைக் கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தவர்கள். தடித்த கையுறை போட்டால் டாலர் நோட்டை எண்ண முடியாது. கழற்றினால் ஐந்து நிமிடத்தில் விரலுக்கு நோட்டும் தெரியாது, விரலும் தெரியாது. அதனால் வலது கையுறையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நுனியை மட்டும் வெட்டிவிட வேண்டும். எனக்கு முன்பிருந்தே அங்கே நின்ற ஒரு பஞ்சாபிப் பெரியவர் முதல் வாரத்திலேயே கத்தரிக்கோலைக் கொடுத்து இதைச் சொல்லித் தந்தார். அவருக்கு அப்போது 61 வயது. கார்க்காரர்கள் அவரை 'பாஸ்' என்று கூப்பிடுவார்கள். அந்த பங்க்கில் முதலாளியைத் தவிர எல்லோருக்கும் அந்தப் பெயர்தான்.

பெட்ரோல் மணிக்கட்டில் சிந்தினால் சுடாது, மணிக்கட்டு உறையும். ஆவியாகிப் போகும்போது உடம்பின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். கார்க் கண்ணாடி இரண்டு விரல் அகலம் இறங்கும், "இருபது, ரெகுலர், கேஷ்" என்று மூன்று சொல் வரும், கண்ணாடி ஏறிக்கொள்ளும். ஆறு பம்ப்புக்கு ஒரே ஆள். முதல் காரில் நாசிலைச் செருகிவிட்டு நாலாவது காரில் காசு வாங்கி, இரண்டாவது காருக்கு ரசீது கொடுத்துத் திரும்புவதற்குள் முதல் கார்க்காரர் ஹாரன் அடிப்பார். ஊரில் பங்க்கில் "சீரோ பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். நானும் பழக்கத்தில் ஒருவரிடம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். அவர் பயந்துபோய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஓர் இரவு 38 டாலருக்கு நிரப்பிக்கொண்ட ஒருவன் காசு கொடுக்காமல் பறந்துவிட்டான். வாரக் கடைசியில் அந்த 38 டாலர் என் கூலியில் குறைந்தது. ஆறு மணி நேரம் நின்ற காசு. இப்படிக் கூலியில் பிடிப்பதற்கு மாநிலக் கூலிச் சட்டத்தில் இடமில்லை என்பது எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மனைவி கர்ப்பமாக இருந்தாள். நான் வேலை முடிந்து வந்தால் ஜாக்கெட்டை வெளியே மாடிப்படியிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அந்த வாடை பட்டால் அவளுக்கு வாந்தி வரும். மடித்துப் படிக்கட்டில் வைத்த ஜாக்கெட்டைக் காலையில் எடுத்தால் பலகைபோல் விறைத்துக் கிடக்கும்.

இதையெல்லாம் அனுதாபத்துக்காக எழுதவில்லை. உங்கள் சட்டத்தைப் பிற்பாடு எடுத்துப் படித்தேன். 1949இல் வந்த சட்டம். ஏன் இந்தச் சட்டம் தேவை என்று அதன் முன்பகுதியில் நீங்களே காரணங்களை அடுக்கியிருக்கிறீர்கள். தீ அபாயம் முதலில் வருகிறது. பிறகு முதியவர்கள், உடல் நலம் குன்றியவர்கள், காப்பீட்டுச் செலவு என்று போகிறது. நடுவே ஒரு வரி: வாடிக்கையாளர் தாமே பெட்ரோல் போடும்போது அதன் நச்சு ஆவி உடல்நலத்துக்குக் கேடு, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு.

அந்த வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மூச்சிழுக்கப் போகிற கார்க்காரரைப் பற்றி உங்களுக்கு அவ்வளவு கவலை. நல்லதுதான். அதே ஆவியில் நாளுக்குப் பத்து மணி நேரம் நிற்கப்போகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது அந்தக் காரணங்களில் எங்குமே இல்லை. அவன் ஜாக்கெட்டில் அது வீடுவரை வரும் என்பதும் இல்லை. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்பது உறுதியான விஷயம். இப்போது எரிபொருளில் அதன் அளவைச் சட்டம் போட்டுக் குறைத்திருக்கிறார்கள், 2000க்குப் பிறகு வந்த கார்கள் தொட்டி நிரம்பும்போது எழும் ஆவியைத் தாமே பிடித்துக்கொள்கின்றன; அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆவி ஆபத்து என்று நீங்கள் சட்டத்தில் எழுதினால், அந்த ஆபத்தை யார் தலையில் கட்டுகிறோம் என்பதையும் எழுத வேண்டாமா?

நிற்பவனைப் பற்றிச் சட்டம் பேசவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் என்னென்ன செய்யக் கூடாது என்று பேசுகிறது. எஞ்சின் ஓடும்போது போடக் கூடாது. புகைத்துக்கொண்டு போடக் கூடாது. வேறு யாரையும் பம்ப்பைத் தொட விடக் கூடாது. ஒரு முழு வேலை நாள் மேற்பார்வையில் பயிற்சி பெற்றுத் தேர்விலும் தேறிய பிறகே அவன் தனியாக நிற்கலாம். என் பயிற்சி அரை மணி நேரம் நடந்தது. தேர்வு, ஒரு தாளில் கையெழுத்து. மீறினால் முதல் முறை 50 முதல் 250 டாலர் வரை, அதற்குப் பிறகு 500 வரை அபராதம். பம்ப்பைத் தொட்ட வாடிக்கையாளரைத் தடுக்காவிட்டால் மாட்டிக்கொள்வது நாங்கள்தான். பக்கத்து மாநில வண்டிக்காரர் இறங்கி நாசிலில் கை வைத்தால் ஓடிப்போய்ப் பிடுங்குவேன். அவர் ஏதோ என் பர்சைத் தொட்டதுபோல் நான் நடந்துகொள்வதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம்.

வரலாறு நடத்தியவன் என்பதால் இந்தச் சட்டம் எப்படிப் பிறந்தது என்றும் தேடிப் போனேன். நீங்கள் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஹாக்கென்சாக்கில் 17ஆம் எண் சாலையில் இர்விங் ரீங்கோல்டு என்பவர் 24 பம்ப்புகளுடன் ஒரு பங்க் திறந்தார். தானே போட்டுக்கொண்டால் கேலன் 21.9 செண்ட். சுற்றிலும் 24.9 செண்ட். வண்டிகள் வரிசை கட்டின. மற்ற கடைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. அவருடைய கடையைத் துப்பாக்கியால் சுட்டார்கள் என்றும், அவர் அசராமல் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டுக்கொண்டார் என்றும் இங்கே ஒரு கதை உண்டு. துப்பாக்கியால் ஆகாதது சட்டமன்றத்தில் ஆனது. கடைக்காரர் சங்கம் உங்கள் முன்னோர்களிடம் வந்தது. அவர்கள் சுயசேவையைத் தடை செய்தார்கள். ரீங்கோல்டு வழக்குப் போட்டார். 1951இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

மூன்று செண்ட் போட்டிதான் இந்தச் சட்டத்தின் தாய். தீயும் கர்ப்பிணியும் பிறகு போர்த்திய சால்வை. இன்னொரு வேடிக்கை, 2022இல் தடையை நீக்கச் சொல்லி உங்களிடம் வந்ததும் கடைக்காரர் சங்கம்தான். நிற்க ஆள் கிடைக்கவில்லை, பாதி பம்ப்பைக் கூம்பு வைத்து மூட வேண்டியிருக்கிறது என்றார்கள். அது பொய் இல்லை. நானே அப்படி மூடியிருந்த பங்க்குகளைக் கடந்து போயிருக்கிறேன். ஆனால் 1949இலும் சரி, 2022இலும் சரி, நிற்பவரை அழைத்து யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2006இல் ஆளுநர் ஜான் கோர்சைன், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் மட்டும் சுயசேவையைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். அப்போது நான் வேலையில் இருந்தேன். ஒரு கார்க்காரர் கண்ணாடியை முழுதாக இறக்கி எங்களிடம் அந்தச் செய்தியைச் சொன்னார். அந்த வருடம் கண்ணாடி முழுதாக இறங்கிய சில தருணங்களில் அது ஒன்று. வேலை போய்விடும் என்று நாங்கள் இரண்டு மூன்று வாரம் கலங்கிக் கிடந்தோம். மக்கள் எதிர்த்தார்கள், ஆளுநர் பின்வாங்கினார். அன்றைக்குப் பெரியவர் ஜிலேபி வாங்கி வந்தார். மக்கள் எங்களுக்காகத்தான் எதிர்த்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், அவர்கள் தங்கள் கை குளிரக் கூடாது என்றுதான் எதிர்த்திருக்கிறார்கள். 2022இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்பிலும் நூற்றுக்கு 73 பேர் யாராவது போட்டுவிடுவதையே விரும்பினார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் சுகம் வேண்டும் என்றால் சுகம் என்று சொல்லிவிட வேண்டும். தீ என்று சொல்லக் கூடாது.

தீ விஷயத்தை என் மகளே முடித்துவைத்தாள். அன்றைக்கு வயிற்றில் இருந்தவள், 2024இல் கல்லூரிக்குப் பென்சில்வேனியா போனாள். "ஜெர்சிப் பெண்கள் கேஸ் போடுவதில்லை" என்று இங்கே வண்டியின் பின்னால் ஒட்டிக்கொள்வார்களே, அந்த ஸ்டிக்கரைத் தன் மடிக்கணினியில் ஒட்டியிருந்தவள். செப்டம்பரில் ஒரு நாள் வீடியோவில் அழைத்தாள். பின்னால் பம்ப் தெரிந்தது.

"அப்பா, மூடியைத் திறந்துவிட்டேன். இப்போது என்ன செய்ய வேண்டும்?"

"முதலில் போனை உள்ளே வை அம்மா."

"வைத்துவிட்டால் நீங்கள் சொல்வது எப்படிக் கேட்கும்?"

இரண்டு குளிர்காலம் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்குப் போட்டவனின் மகளுக்கு நாசிலை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. நானும் சொல்லித் தந்ததில்லை. இங்கே பங்க்கில் அவள் கையில் நாசிலைக் கொடுத்துச் சொல்லித் தருவதே விதிமீறல். போடும்போது காருக்குள் ஏறி உட்காராதே, ஏறினால் இறங்கும்போது கதவின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிடு, வறண்ட குளிரில் இருக்கையில் உரசி எழும் மின்பொறிதான் ஆபத்து என்றேன். தலையாட்டினாள். நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு ரசீதைக் கேமராவில் காட்டினாள். எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. 49 மாநிலங்களில் தினமும் இது நடக்கிறது. அத்தனை பேரும் கருகிப் போகவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பாதுகாப்பாக இருப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம் மட்டும் எப்படி ஆபத்தாகும்?

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆளை எடுத்துவிட்டால் விலை குறையும் என்கிறார்கள். 2025இன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.49 டாலர். ஓரளவு கூட்டமான நேரத்தில் ஒருவர் மணிக்கு 20 கார், காருக்குப் பத்து கேலன் என்று போடுவதாக வைத்துக்கொண்டால் கேலனுக்கு எட்டு செண்ட்கூட வராது. இது என் சொந்தக் கணக்கு. நின்று பார்த்த கணக்கு. நள்ளிரவில் மணிக்கு ஐந்து கார் வரும்போது அது 31 செண்டாகும், கடைக்காரருக்குக் கையைக் கடிக்கும். அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் 2016 நவம்பர் 1ஆம் தேதி நீங்கள் ஒரே நாளில் பெட்ரோல் வரியை 23 செண்ட் ஏற்றினீர்கள். அதற்கு முன்பு பல வருடம் ஆளும் நின்றார், விலையும் நாட்டிலேயே குறைந்த வரிசையில் இருந்தது. நியூயார்க்காரர்கள் ஆற்றைத் தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போனார்கள். விலையை ஏற்றியது நாசிலைப் பிடித்த கை என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆரெகனைப் பாருங்கள். அங்கேயும் சட்டத்தில் 17 காரணங்கள் அடுக்கியிருந்தார்கள். மழையில் தரை வழுக்கும் என்றுகூட எழுதியிருந்தார்கள். மழைக்குப் பேர்போன மாநிலம், போகட்டும். ஆனால் ஒரு காரணத்தை நேராக எழுதினார்கள்: சுயசேவையால் வேலையின்மை கூடும், முக்கியமாக இளைஞர்களிடம். உங்கள் பட்டியலில் நான் தேடியது அந்த ஒரு வரியைத்தான். 2023இல் அவர்கள் சட்டத்தைத் தளர்த்தியபோதும் மக்கள் நெருக்கமான மாவட்டங்களில் பாதிப் பம்ப்புக்கு மேல் சுயசேவைக்கு விடக் கூடாது, இரண்டுக்கும் ஒரே விலை என்று வைத்தார்கள். தானே போட்டாலும் ஒரு செண்ட் மிச்சமில்லை. ரீங்கோல்டு உயிரோடு இருந்தால் அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்வாரோ.

எனவே என் கோரிக்கைக்கு வருகிறேன். தடையை நீக்காதீர்கள். ஆனால் அந்தக் காரணப் பட்டியலை எடுத்து மறுபடி எழுதுங்கள். ஆங்கிலம் சரியாக வராத, பட்டம் செல்லாத, வந்து மூன்று வாரமே ஆன ஒருவர் இந்த மாநிலத்தில் முதல் கூலியைச் சம்பாதிக்கிற இடம் அது என்று எழுதுங்கள். கைத்தடியோடு வருகிறவர் பனிச்சறுக்கலில் இறங்க வேண்டியதில்லை என்பதை வைத்துக்கொள்ளுங்கள், அது உண்மை. நாடு முழுவதற்குமான மாற்றுத்திறனாளிகள் சட்டமும் சுயசேவை பங்க்குகளில் அவர்களுக்கு உதவச் சொல்கிறது, ஆனால் கடையில் ஒரே ஓர் ஆள் இருந்தால் விலக்குக் கொடுத்துவிடுகிறது. நள்ளிரவில் எந்தக் கடையில் இரண்டு ஆள் இருக்கிறார்கள்?

பிறகு, நிற்பவர் என்ன செய்யக் கூடாது என்ற பகுதிக்குக் கீழே, அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பகுதி சேருங்கள். காசு கொடுக்காமல் ஓடியவனின் கணக்கை அவர் கூலியில் எழுதக் கூடாது என்பதை அவருக்குத் தெரிந்த மொழியில் பம்ப்பிலேயே ஒட்டச் சொல்லுங்கள். புகைக்காதே என்ற பலகைக்குப் பக்கத்தில் இடமிருக்கிறது. இரவில் தனி ஆளாக நிறுத்தக் கூடாது. சூடான அறைக்குள் மணிக்கு இத்தனை நிமிடம் என்று குளிர்காலத்துக்கு ஒரு விதி வேண்டும். கையுறை முதலாளி செலவு.

இன்னும் ஒன்று. நாற்காலி. நான் நின்ற பங்க்கில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சோம்பேறி என்று வாடிக்கையாளர் நினைப்பாராம். என் தங்கை திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையில் 11 வருடம் சேலை எடுத்துப் போட்டாள். அங்கேயும் அதே விதி. நரம்பு சுருண்டு புடைத்த காலோடுதான் வேலையை விட்டாள். 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுதியது. கேரளம் அதற்கு முன்பே செய்திருந்தது. எங்கள் ஊர்ச் சட்டங்களிலிருந்து நீங்கள் காப்பியடிக்க அதிகம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இதைக் காப்பியடியுங்கள். இரண்டு மூன்று வரிதான்.

பம்ப்புகளுக்கு நடுவே நாற்காலியை எங்கே போடுவது என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். நான் நின்ற இடத்தில் மூன்றாவது பம்ப்புக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவில் ஒரு முழ அகலம் உண்டு, வடக்குக் காற்று அங்கே மட்டும் அடிக்காது. மற்ற பங்க்குகளில் அந்த இடம் எது என்று, அடுத்த முறை கேஸ் போடப் போகும்போது, கண்ணாடியை முழுதாக இறக்கி நிற்பவரிடமே கேளுங்கள். அவர் கண்டுபிடித்து வைத்திருப்பார்.

இப்படிக்கு,
2005 முதல் 2007 வரை நின்ற ஒருவன்,
எடிசன், நியூஜெர்சி